கேங் என்று சொல்லக் கூடாதாம்

1

கிவிப் பழ சீசன் தொடங்கிய அன்று காலையில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பச்சை டீ-சர்ட் கொடுத்தார்கள். முதுகில் பெரிதாக, 'நாங்கள் ஒரே டீம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. என்னுடையது முழங்காலைத் தொட்டது. இந்த நாட்டில் உடுப்புத் தைக்கிறவர்கள் இலங்கையில் எங்கள் குருவிட்டப் பக்கத்து ஆட்களைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

நான் இருப்பது நியூசிலாந்தில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிவித் தோட்டம். நம் ஊரில் பாகல் பந்தல் போடுவோமே, அதே மாதிரி தலைக்கு மேலே கொடி படர்ந்திருக்கும், பழம் கீழே தொங்கும். கைகளை உயர்த்திப் பறித்து, நெஞ்சில் மாட்டியிருக்கும் பையில் போட வேண்டும். பை நிறைந்ததும் டிராக்டரில் இருக்கும் பெரிய பெட்டியில் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் கொழுந்தும் எடுத்தவள் என்பதால் எனக்கு இது பெரிய வித்தையாக இருக்கவில்லை. வந்த புதிதிலேயே கைவேகத்தில் நான்தான் முதல்.

எங்கள் சூப்பர்வைசர் ஹெலன் நல்ல மனுஷி. குரல்தான் லவுட்ஸ்பீக்கர். அன்று ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று அறிவித்தாள். இனிமேல் யாரும் 'கேங்' என்று சொல்லக் கூடாதாம். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லையாம். அந்தச் சொல்லைக் கேட்டால் கத்திக்குத்தும் போதைமருந்தும்தான் ஞாபகம் வருகிறதாம். இன்றிலிருந்து நாங்கள் 'டீம்'.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷமாக 'பிக்கிங் கேங்' என்றுதானே கூப்பிட்டார்கள்? அப்போதெல்லாம் யாரை நாங்கள் குத்தினோம்?

ஹெலன் அத்தோடு நிறுத்தவில்லை. இந்த சீசனில் இருந்து யார் எத்தனை பை இறக்குகிறார்கள் என்பது போனில் பதியப்படும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் கணக்கில் யாருடைய பை ஆகக் குறைவோ, அவர் அடுத்த திங்கட்கிழமை பழம் பெட்டியில் அடைக்கும் பேக் ஹவுஸுக்குப் போக வேண்டும். அங்கே பெல்ட்டில் பழம் ஓடிவரும். நின்ற இடத்திலேயே நின்று, காதை அடைக்கும் மூடியைப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கப் பொறுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவளோடு ஒரு வார்த்தை பேச முடியாது. எனக்குப் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்தாலே தலையிடி வந்துவிடும்.

முன்பென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போன குளிர்காலத்தில் இருந்து என் வலது தோள்பட்டை சரியில்லை. கையை உயர்த்தினால் உள்ளே யாரோ சுண்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது. அதை நான் வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கேங்கில் முதல் ஆளாக இருந்தவள் டீமில் கடைசி ஆளாகி, காதை மூடிக்கொண்டு பெல்ட்டில் நிற்பதா? பயந்துதான் போனேன்.

2

எங்கள் தோட்டத்தில் பாதி தேயிலை, பாதி ரப்பர். குருவிட்டயில் இருந்து பஸ் மேலே ஏறிப் போகும், ஒரு பாலத்தோடு நின்றுவிடும், அப்புறம் நடைதான். அங்கே நான் பேசப் பழகும்போதே பழகிய ஆங்கிலச் சொல் கேங். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு கேங். புல் வெட்ட, தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போகிற ஆம்பிளைகள் ஒரு கேங். அது ஆங்கிலம் என்றே எங்களுக்குத் தெரியாது. சோறு, தண்ணி, கேங்.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். ஆளுக்கொரு நிரை. முதுகில் கூடை, அதன் கயிறு உச்சந்தலையில். பகலில் கொழுந்து நிறுக்க வேண்டும். சொன்ன கிலோ வரவில்லை என்றால் அன்றைக்கு அரைப் பேர்தான். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

எல்லோருக்கும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஓடுமா? ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு வயிற்றில் ஏழு மாசம். ஒருத்திக்கு வீட்டில் சண்டை, கை ஓடவில்லை. அப்படியான நாளில் எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. நிறுவைக்கு இறங்கிப் போகும்போது அவள் முன்னால் நடக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஆளுக்கொரு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டுக்கொண்டே வருவார்கள். அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் போட்டது என்று கேட்கவும் கூடாது. மறுநாள் "பெரிய உபகாரம் அக்கா" என்று யாரிடமும் போய் நிற்கவும் கூடாது. கயிறு தலையில் அழுந்துவதை வைத்துத்தான் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

கங்காணிக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவர் பாறைப் பக்கம் திரும்பி நின்று வெற்றிலை மடிப்பார்.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது அம்மாவின் கூடையிலும் அப்படி நிறையக் கைகள் விழுந்தனவாம். அம்மா அடிக்கடி சொல்வார். "ஒன்னைய நான் சொமந்தேன். என் கூடைய கேங் சொமந்திச்சு."

3

இங்கே வந்த முதல் சீசனில் நான் பண்ணிய கூத்தைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரு அறைக்குள் போவார்கள். கதவில் 'ஸ்டாப் மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் சோற்றுப் பெட்டியோடு வெளியே படியில் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஸ்டாப் என்றால் யார்? உத்தியோகம் பார்க்கிற கிளாக்கர், மலையை மேற்பார்க்கிற கண்டக்டர், டீமேக்கர். அவர்களுக்குக் குவாட்டஸ் என்று தனி வீடு. அவர்களுக்குத் தனியாக ஸ்டாப் கிளப், அதில் கேரம் போர்ட். நாங்கள் கிளப் வாசலைத் தாண்டும்போது செருப்பைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்போம். யாரும் அடிக்க மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். ஆனாலும் உள்ளே கால் வைக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. அந்தக் கால் இங்கே வந்தவுடன் மாறிவிடுமா?

மழை பெய்தது. படியில் சாரல் அடித்தது. சோற்றுப் பெட்டிக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, நான் நனைந்துகொண்டு சாப்பிட்டேன். இப்படிச் சில வாரம் போனது. உள்ளே இருந்தவர்கள் இவளுக்கு ஏதோ மத நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்களாம்! ஒருநாள் ஹெலன் வந்து கேட்டாள். கதவைக் காட்டினேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

"நீயும் ஸ்டாப்தானே, சரோஜா?"

அன்று சாயந்தரம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, நான் ஸ்டாப் ஆயிட்டேன்."

"ஐயோ என் தங்கமே! அப்ப குவாட்டஸ் குடுத்துட்டாங்களா?"

"குவாட்டஸ் எல்லாம் இல்லம்மா. கதவுதான் தொறந்திருக்கு."

அதெல்லாம் அம்மா காதில் ஏறவே இல்லை. மறுநாள் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் ஊரில் சில பேர், நான் நியூசிலாந்தில் கிளாக்கராக இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

4

அதே சீசனில்தான் டீம்வொர்க் என்ற சொல்லும் என் வாழ்க்கையில் நுழைந்தது.

சிலி நாட்டில் இருந்து ஊர் சுற்ற வந்த ஒரு பெண் எங்களோடு சேர்ந்தாள். கமிலா என்று பெயர். முதல் நாளே கை வலித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். பாவமாக இருந்தது. பேசாமல் பக்கவாட்டில் போய் என் பையில் இருந்து இரண்டு கை பழத்தை அள்ளி அவள் பையில் போட்டுவிட்டு, வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவ்வளவுதான். "ஏய்!" என்று அவள் போட்ட கூச்சலில் டிராக்டர் நின்றுவிட்டது.

அவள் என்ன நினைத்தாள் என்று பிறகுதான் விளங்கியது. அடிபட்ட பழம் யார் பையில் இருந்து வந்தது என்று அப்போதே பரிசோதிப்பார்கள். என்னுடைய அடிபட்ட பழத்தை அவள் பையில் தள்ளிவிட்டு, முகத்தை ஒளித்துக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. நான் நடந்துகொண்ட விதம் அசல் கள்ளி மாதிரித்தான் இருந்திருக்கும்.

ஹெலன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு நிதானமாக விளக்கினாள். இன்னொருவர் பையைத் தொடக் கூடாது. ஒவ்வொருவரும் தன் தன் பைக்குப் பொறுப்பு. அதுதான் நல்ல டீம்வொர்க்.

நான் தலையாட்டினேன். ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, ஆளாளுக்குத் தன் பையைப் பார்த்துக்கொண்டால் அது டீம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் பையிலும் நான் கை வைத்ததில்லை. கமிலா போகும்போது எனக்கு ஒரு சொக்லேட் தந்துவிட்டுப் போனாள். அதுவும் கையில்தான் தந்தாள், பையில் போடவில்லை.

5

இனி என் வீட்டுக்காரர் கணேசனின் துறைக்கு வருகிறேன். அவருடைய அப்பா தோட்டத்தில் யூனியன் தலைவராக இருந்தவர். அந்த இரத்தம் சும்மா விடுமா? இரண்டு தமிழர் சேர்ந்து நின்றால் இவர் மூன்றாவதாகப் போய் நின்று ஒரு கமிட்டி அமைத்துவிடுவார்.

இந்த ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் பாதி சீட் காலியாக இருக்கும். ஆனால் எங்களுக்கு ஒரு செயற்குழு, ஒரு கலாசார உபகுழு, ஒரு உணவு உபகுழு, இந்த மூன்றும் சண்டை பிடிக்காமல் பார்க்க ஒரு 'வேர்க்கிங் குரூப்' இருக்கின்றன. நான் உணவு உபகுழு. மற்றவர்கள் சாப்பிடும் குழு.

பெயர் வைப்பதற்கே ஒரு வருஷம் போனது. தலைவர் யாழ்ப்பாணத்துப் பரமேஸ்வரன் மாஸ்டர், ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்கு 'சொசைட்டி' என்று வர வேண்டும். மதுரையில் இருந்து வந்த இன்ஜினியர் தம்பிக்கு 'அசோசியேஷன்'. என் வீட்டுக்காரருக்கு 'யூனியன்' இல்லாமல் தூக்கம் வராது. கடைசியில் ஒருவர் மனமும் நோகாமல் மூன்று சொல்லையும் ஒரே பெயரில் போட்டு அரசாங்கப் பதிவுக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தில் இருந்து பணிவாக ஒரு கேள்வி வந்தது. இவற்றில் நீங்கள் எது?

இதற்குப் பதில் எழுத இன்னொரு குழு அமைத்தார்கள். பதில் இன்னும் போகவில்லை.

சிரித்துக்கொண்டே இருந்த நான் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். என் தோள்பட்டை விஷயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கொண்டுபோய் செயற்குழுவில் 'வேறு விடயங்கள்' என்ற இடத்தில் வைத்துவிட்டார். கூட்டம் எங்கள் வீட்டில்தான், நான் சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறேன், ஹாலில் மாஸ்டரின் குரல் கேட்கிறது.

"திருமதி கணேசன்ர தோள்மூட்டு விரைவில் சுகமாக வேணும் எண்டு இந்தச் சபை தீர்மானிக்குது. வழிமொழியிறவை ஆர்?"

இன்ஜினியர் தம்பி வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. எண்ணெய்ச் சட்டி முன்னால் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் வடை திருப்பிக்கொண்டிருந்தவளுக்கு எப்படி இருக்கும்?

"என்னங்க, தீர்மானம் போட்டவங்கள்ல ஒருத்தராவது வந்து இந்தச் சட்டிய எறக்கி வைக்கச் சொல்லுங்க," என்று சத்தம் போட்டேன்.

மாஸ்டரே ஓடிவந்தார். சட்டியையும் இறக்கினார். "தம்பி, இதைக் கூட்டக் குறிப்பில போடவேண்டாம்," என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார். மனுஷர் தங்கம், கமிட்டியில் உட்கார்ந்தால்தான் இப்படி ஆகிவிடுகிறார்.

ஊரில் என் அப்பா செத்தபோது எங்கள் லயத்துக்கு வந்தது மரணாதார சமித்தி. சிங்களக் கிராமமும் தோட்டமும் சேர்ந்து நடத்துகிற செத்தவீட்டுச் சங்கம். நாங்கள் அழுது முடிக்கும் முன்னால் கூடாரம் நின்றது, கதிரை வந்தது. கிராமத்துச் சுமனா அக்கே அடுப்பை மூட்டி, "நீங்க வாடி வெலா இன்ன, நான் பாக்கிறேன்," என்று பாதி சிங்களமும் பாதித் தமிழுமாக அம்மாவை உட்கார வைத்தாள். அந்தச் சமித்திக்குத் தலைவர் யார், செயலாளர் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

6

எங்களுக்கு ஒரே மகள், சாருமதி. வீட்டில் சாரு. பாடசாலையில் 'சாஸ்'. பதினேழு வயது. உயரம் அவள் அப்பாவையும் தாண்டிவிட்டது, என்னைப் பார்ப்பதற்குக் குனிய வேண்டும். தமிழ் விளங்கும், பேசச் சொன்னால் பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி முகம் போகும். இரண்டு வருஷமாக அவளுக்குக் கூட்டாளிகள்தான் எல்லாம். அவர்களுக்குப் பெயர் 'ஸ்குவாட்'. ஸ்குவாட் என்றால் இராணுவத்தில் சுடப் போகிறவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் கடற்கரைக்குச் சிப்ஸ் சாப்பிடத்தான் போகிறார்கள்.

ஏப்ரல் பாடசாலை விடுமுறையில் கைச்செலவுக்காக அவளும் அவள் ஸ்குவாட்டும் எங்கள் கேங்கில், சரி, டீமில் சேர்ந்தார்கள். முதல் நாள் காரில் போகும்போதே நிபந்தனை போட்டாள்.

"மம், ஒர்க்ல என்ன 'சாருக்குட்டி'ன்னு கூப்பிடக் கூடாது. தமிழ்ல கத்தக் கூடாது. சாப்பாட்டுக்கு நான் ஸ்குவாட்கூட இருப்பேன். ஓகேவா?"

"பெத்தவங்கிறத சொல்லலாமா? இல்ல அதுவும் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். கேட்டா மட்டும்."

அதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டில்தான், கேங் என்ற சொல்லை எடுத்ததற்கு நான் குதித்துக்கொண்டிருந்தேன். "அது கிரிமினல்ஸ் வேர்ட் மம், எடுத்தா நல்லதுதானே," என்றாள் அவள். எனக்குப் பொறுக்கவில்லை. கூடை, கயிறு, பின்னால் இருந்து விழும் கை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது, அம்மாவின் ஏழு மாசம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதில் இயர்போன் இருந்தது, விரல் போனில் இருந்தது. "கூல்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுவரோடு பேசியிருக்கலாம் என்று நினைத்தேன்.

வேலையிடத்தில் அவள் என்னைத் தெரியாத மாதிரித்தான் இருந்தாள். உயரமான பிள்ளை, கையைத் தூக்கவே வேண்டாம், பழம் அவள் முகத்துக்கு நேரே தொங்கும். முதல் நாளே எல்லோரையும் தாண்டிவிட்டாள். பெருமையாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, மறைப்பானேன்.

7

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. காலையில் இருந்தே என் தோள் ஒத்துழைக்கவில்லை. வலது கை காது வரைக்கும் வந்தால் அதற்கு மேல் வராது. இடது கையால் பறித்தேன். நுனிக்காலில் நின்று பறித்தேன். டீ-சர்ட் வேறு காலைத் தடுக்கியது. ஹெலன் பெட்டிக்குப் பக்கத்தில் போனோடு நின்று, யார் வந்து பையை இறக்கினாலும் ஒரு தட்டுத் தட்டினாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் என் பெயர்தான் ஆகக் கீழே என்று பேசிக்கொண்டார்கள்.

பகலுக்குப் பிறகு என் வரிசையில் தனியாக நின்றேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பேச்சும் சிரிப்பும் தூரத்தில் கேட்டன. வாழ்க்கையில் முதல் தடவை கேங்குக்குப் பின்னால் நிற்கிறேன். அழுகை வந்தது. அழுது என்ன ஆகப் போகிறது என்று அதையும் விழுங்கிக்கொண்டு ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தேன், அது வரவில்லை.

அப்போதுதான் கொடிகளை விலக்கிக்கொண்டு அடுத்த வரிசையில் இருந்து யாரோ வந்தார்கள். நெஞ்சில் பை நிறைந்து தளும்பியது. சாரு.

நேரே வந்து என் முன்னால் நின்றாள். அவள் பையின் அடிவாயை என் பைக்குள் வைத்துக் கொக்கியை அவிழ்த்தாள். பழம் மெதுவாக இறங்கத் தொடங்கியது. பழகிய பழக்கம், முகத்தைச் சட்டென்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

"எங்க பாக்கிறீங்க? இங்க பாருங்க மம். பையப் புடிங்க, பழம் அடிபடும்."

தமிழில்தான் சொன்னாள். தமிழில், அதுவும் சத்தமாக.

"வேணாம் புள்ள. அடுத்தவங்க பையத் தொடக் கூடாது. ஹெலன் பாத்தா..."

"தெரியும். அசையாதீங்க."

வேறு வழியில்லாமல் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. மூக்கில் ஒரு இலைத் துண்டு ஒட்டியிருந்தது. புருவத்தை நெரித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, யார் மீதோ கோபம் மாதிரி பழத்தை இறக்கினாள். அவளுக்கும் என் முகத்தைப் பார்க்க வெட்கம், வேறு எங்கும் பார்க்கவும் இடமில்லை. பை கனத்துக் கழுத்தை இழுத்தது. கூடைக் கயிறு தலையில் அழுந்துவது எப்படி இருக்கும் என்று அப்போது ஞாபகம் வந்தது.

வரிசையின் முடிவில் ஹெலன் நின்றிருந்தாள். நிச்சயமாகப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, சட்டென்று சப்பாத்து லேஸ் கட்டக் குனிந்துவிட்டாள். ஹெலன் போடுவது ரப்பர் பூட்ஸ், அதில் லேஸே கிடையாது.

சாரு வெறும் பையோடு திரும்பிப் போனாள். சாயந்தரத்துக்குள் மறுபடியும் வந்தாள். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அதே கடுகடுப்பு.

வேலை முடிந்ததும் ஹெலன் போனைப் பார்த்து வாசித்தாள். ஆகக் கடைசியில் இருந்த பெயர் சாருமதி. அவள் ஸ்குவாட் ஓவென்று கத்தியது. வாரம் முழுக்க முதல் ஆளாக இருந்தவள் ஒரே நாளில் எப்படிக் கீழே வந்தாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஹெலன் விளக்கவும் இல்லை.

"பேக் ஹவுஸ்தானே," என்று தோளைக் குலுக்கினாள் சாரு. "எனக்குத்தான் காதுல எப்பவும் ஏதாவது இருக்குமே."

நான் நன்றி சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது வழக்கம். காரில் அவளுக்குப் பிடித்த அந்தத் தடதடப் பாட்டைப் போட விட்டேன், சத்தத்தைக் குறை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்ட கணேசன், செயற்குழுவில் ஒரு பாராட்டுத் தீர்மானம் கொண்டுவரலாமா என்று ஆரம்பித்தார். நானும் மகளும் ஒரே நேரத்தில் பார்த்த பார்வையில் எழுந்து போய்க் குப்பைப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை ஹெலனிடம் தோள்பட்டை விஷயத்தைச் சொல்லி, டாக்டரிடம் போக ஒரு நாள் லீவு கேட்பதென்று நானும் முடிவு பண்ணினேன்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எங்களுக்குச் சாயந்தரம், அவருக்கு இன்னும் காலை. பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பின்னால வந்தா போட்டா?"

"இல்லம்மா. இங்க பை நெஞ்சிலதானே. மொகத்துக்கு நேரா வந்து நின்னுட்டா. பாக்காம இருக்க முடியல."

அம்மா கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

"நீ வயித்துல இருந்தப்ப எத்தன பேரு எனக்குப் போட்டாங்க, புள்ள. ஒருத்தி மொகத்தயும் நான் பாக்கல. ஒரு தடவ திரும்பிப் பாத்துடலாமான்னு ஆசையாத்தான் இருந்திச்சு." பிறகு கேட்டார். "எப்புடி இருந்திச்சு மொகம்?"

நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"கடுகடுன்னு இருந்திச்சும்மா. திட்டுற மாதிரியே இருந்திச்சு."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"அப்ப அவ நம்ம கேங்தான்," என்றார்.